ஒரே கரை, ஒரு முழு வருடம்: பறவை பார்க்கத் தொடங்குபவருக்கு

நிலம் அளப்பது என் தொழில். இருபத்தாறு வருடம் வயல், மேடு, ஏரிக்கரை என்று அளவைக் கருவியின் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறேன். அந்த வருடங்களில் என்னென்ன பறவை பார்த்தாய் என்று கேட்டால் காக்கா, கொக்கு, மைனாவோடு நின்றுவிடுவேன். மற்றதெல்லாம் எனக்குக் ‘குருவி’.

ஒரு ஏப்ரல் காலை. நீர் வற்றிய ஏரி ஓரத்தில், மதகுக்குப் பக்கத்தில் இருந்த பழைய எல்லைக்கல்லைத் தேடிப் பிடித்து, ஸ்டாண்டை ஊன்றப் போனேன். ஒரு ஆள்காட்டிக் குருவி தலைக்கு மேல் கத்திக்கொண்டே பாய்ந்தது. தொப்பியால் விரட்டினேன். போய்த் திரும்பி வந்தது. கூட இருந்த, அளவைச் சங்கிலி பிடிக்கும் செயின்மேன் அண்ணன் சொன்னார்: “சார், கால எடுக்காதீங்க. அது இவ்வளவு கிட்ட வந்து கத்துதுன்னா முட்டை உங்க காலடியிலதான் இருக்கு.”

குனிந்து பார்த்தேன். கல்லும் மண்ணும்தான் தெரிந்தன. அவர் குச்சியால் சுற்றிக் காட்டிய பிறகும் சில நொடி பிடித்தது. கூழாங்கற்களுக்கு நடுவே நான்கு முட்டைகள், கூர்முனை எல்லாம் உள்பக்கம் பார்த்தபடி, களிமண் நிறத்தில் கருந்திட்டுகளோடு. ஸ்டாண்டின் ஒரு காலுக்கும் முட்டைக்கும் இடையே என் கை அகலம்தான்.

ஐம்பது அடி பின்னால் இருந்த புளியமர நிழலுக்குப் போய் இருவரும் உட்கார்ந்தோம். பறவை நேராக முட்டைக்கு வரவில்லை. தள்ளி இறங்கி, எதையோ கொத்துவதுபோலப் பாவனை செய்து, நாலு எட்டு நடந்து, நின்று, வேறு பக்கம் பார்த்து, ஏதோ தற்செயலாக வந்ததுபோல முட்டை மேல் அமர்ந்தது. சற்று நேரத்தில் அதன் ஜோடி தண்ணீரில் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்தது. முதல் பறவை எழுந்துகொள்ள, ஈர வயிற்றோடு இது உட்கார்ந்தது. கொதிக்கும் மண்ணில் முட்டை வெந்துவிடாமல் இருக்க இப்படி ஈரம் கொண்டுவருமாம். அண்ணனுக்கு அது ஏற்கெனவே தெரிந்திருந்தது. எனக்குத்தான் அன்றைய அளவை ஒரு மணி நேரம் தள்ளிப்போனது.

அதற்குப் பிறகு பதினொரு வருடமாகப் பெரும்பாலும் அந்தப் புளியமரத்தடியில்தான் என் பறவை பார்ப்பு. அங்கே கற்றதை, தவறுகளையும் சேர்த்துச் சொல்கிறேன்.

இடத்தை மாற்றாதீர்கள்

ஆரம்பித்த புதிதில் நானும் எல்லோரையும் போலத்தான். விடுமுறை விட்டால் பெயர் பெற்ற சரணாலயம் எதற்காவது கிளம்பிவிடுவேன். ஒரே நாளில் அறுபது பறவை பார்த்தேன் என்று நோட்டில் எழுதுவேன். அடுத்த மாதம் அதில் பத்துகூட நினைவிருக்காது. அளவைக்காரனுக்குப் பழக்கமான விஷயம்தான் இது: கருவியை ஒரே புள்ளியில் வைத்து, திரும்பத் திரும்ப அதே புள்ளிக்கு வந்து அளந்தால்தான் எது நகர்ந்தது என்று தெரியும். பறவைக்கும் அதே கணக்கு. இடம் மாறாமல் இருந்தால்தான் மாறுவது பருவமா, பறவையா, உங்கள் கண்ணா என்று பிரித்துச் சொல்ல முடியும்.

வீட்டிலிருந்து நடந்தோ சைக்கிளிலோ பத்து நிமிடத்தில் போய்ச் சேரக்கூடிய இடமாகப் பாருங்கள். அதைவிடத் தூரமானால் இரண்டாவது வாரமே சாக்குச் சொல்வீர்கள். கொஞ்சம் தண்ணீர், கொஞ்சம் திறந்த வெளி, ஒரு பழைய மரம், ஒரு புதர் வேலி. இவை சந்திக்கும் விளிம்பு நல்ல இடம். வயலும் வாய்க்காலும் சேரும் மூலை போதும். அடர்ந்த காட்டைவிட இப்படிப்பட்ட விளிம்பில் பறவை பார்ப்பது எளிது.

உட்காரும் திசையும் முக்கியம். காலையில் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும், அதாவது கிழக்குக் கரையில் அமர்ந்து மேற்கே பார்க்க வேண்டும். எதிர்வெயிலில் கிளியும் காக்கையும் ஒரே கறுப்புதான். மாலைக்கு இதைத் திருப்பிக்கொள்ளுங்கள்.

உட்கார்ந்ததும் எதுவும் நடக்காது. முதல் ஐந்து நிமிடம் வெறிச்சோடித்தான் கிடக்கும். நீங்கள் வந்தபோதே எல்லாம் ஒதுங்கிவிட்டன. பத்தாவது நிமிடம் ஒரு தையல்சிட்டு புதருக்குள் குரல் கொடுக்கும். பதினைந்தாவது நிமிடம் தவிட்டுக்குருவிக் கூட்டம் தரைக்கு இறங்கி இலைகளைப் புரட்டும். இருபது நிமிடம் கழிந்தால் நீங்களும் மரத்தின் ஒரு பகுதி என்று முடிவு கட்டிவிடும். நிறைய பேர் பன்னிரண்டாவது நிமிடம் “இங்கே ஒன்றும் இல்லை” என்று எழுந்துவிடுகிறார்கள். சட்டை நிறம் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். பளீர் வெள்ளையைத் தவிர எதுவும் பரவாயில்லை. ஆனால் சட்டென்று கையைத் தூக்குவது, விரல் நீட்டிக் காட்டுவது, இரண்டும் கூடாது. கூட ஒருவர் இருந்தால் மரத்தைக் கடிகாரமாக வைத்துச் சொல்லுங்கள்: உச்சி பன்னிரண்டு மணி, வலது கிளை மூன்று மணி. “அதோ, அந்தக் கிளை” என்பதால் யாருக்கும் எந்தப் பறவையும் தெரிந்ததில்லை.

நேரம்? பொழுது விடிந்து இரண்டு மணி நேரம், பொழுது சாய்வதற்கு முன் ஒன்றரை மணி நேரம். பத்து மணிக்கு மேல் தரைக்காற்று சூடேறி லென்ஸில் காட்சி நெளியும். அளவைக்காரன் கருவியை மூடும் நேரம் அது. பருந்துகளுக்கு அப்போதுதான் வேலை ஆரம்பம். சூடான காற்று மேலே எழும்ப, அதில் ஏறிச் சிறகசைக்காமல் வட்டமிடும். அந்த நேரத்தில் அண்ணாந்து பாருங்கள்.

பைனாகுலர்

என் முதல் பைனாகுலர் ஒரு பெரிய தவறு. இருபது மடங்கு பெரிதாகக் காட்டும் என்று போட்டிருந்தது. கை நடுங்குவதையும் இருபது மடங்காகக் காட்டியது. எட்டு மடங்கு போதும். அதன் மேல் 8x42 என்று எழுதியிருக்கும்: எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்பக்கக் கண்ணாடியின் விட்டம் 42 மில்லிமீட்டர். இந்த இரண்டாவது எண் பெரிதானால் ஒளி அதிகம் உள்ளே வரும், எடையும் கூடும். கிடைக்காவிட்டால் 8x32 கூடப் பரவாயில்லை. ஜூம் வசதி உள்ளதை மட்டும் தொடாதீர்கள்.

வாங்கியதும் ஒரு முறை சரிசெய்ய வேண்டும். பலர் இதைச் செய்வதே இல்லை, பிறகு தலைவலி என்பார்கள். வலது கண்ணை மூடிக்கொண்டு, தூரத்தில் ஒரு எழுத்தோ இலையோ பார்த்து, நடுச்சக்கரத்தைத் திருகி இடது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடது கண்ணை மூடி, நடுச்சக்கரத்தைத் தொடாமல், வலது கண்குழலில் இருக்கும் வளையத்தை மட்டும் திருகித் தெளிவாக்குங்கள். அவ்வளவுதான். அதற்கப்புறம் நடுச்சக்கரம் மட்டும் போதும். மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் கண்குழலின் ரப்பர் விளிம்பைக் கீழே மடித்துவிட வேண்டும். சூரியன் பக்கம் தவறிக்கூடத் திருப்ப வேண்டாம்.

பறவையைப் பைனாகுலருக்குள் கொண்டுவருவதுதான் ஆரம்பத்தில் பாடாய்ப் படுத்தும். பைனாகுலரைக் கண்ணில் வைத்துக்கொண்டு பறவையைத் தேடாதீர்கள். வெறும் கண்ணால் பறவையைப் பாருங்கள், பார்வையை அதிலிருந்து எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்கு உயர்த்துங்கள். ஒரு வாரம் இலைகளை வைத்துப் பழகினால் கை தானாகச் செய்யும்.

பைனாகுலர் இல்லாமலும் தொடங்கலாம். செயின்மேன் அண்ணன் வாழ்நாளில் ஒன்று வைத்திருந்ததில்லை.

பெயருக்கு முன்னால்

பறவையைப் பார்த்ததும் புத்தகத்தைப் புரட்டாதீர்கள். நீங்கள் புரட்டும் நேரத்தில் அது போய்விடும், புத்தகத்துப் படம் உங்கள் நினைவின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அது இருக்கும்வரை பாருங்கள். போன பிறகு நோட்டில் எழுதுங்கள். எழுதி முடித்த பிறகுதான் புத்தகம்.

முதலில் அளவு. சிட்டுக்குருவியா, மைனாவா, காக்கையா, பருந்தா, இந்த நாலில் எதற்குப் பக்கம்? பிறகு அலகு. தடித்துக் கூம்பாக இருந்தால் தானியம் உடைப்பது. மெல்லியதாக இருந்தால் பூச்சி. நீண்டு வளைந்தோ நேராகவோ இருந்தால் சேற்றில் துழாவுவது. அப்புறம் வால், கால், பறக்கும் விதம். நிறத்தைக் கடைசியில் வையுங்கள். நிறம் வெளிச்சத்துக்கு வெளிச்சம் மாறும், வயதுக்கு வயது மாறும், ஆணுக்கும் பெண்ணுக்கும் மாறும். இரண்டு வருடம் நான் பெண் குயிலை ஏதோ பருந்துக் குஞ்சு என்று எழுதி வைத்திருந்தேன். ஆண் குயில் மை கறுப்பு. பெண் பழுப்பு, உடல் முழுக்க வெள்ளைப் புள்ளி, வாலில் பட்டை. இரண்டுக்கும் கண் மட்டும் ஒரே சிவப்பு. அந்தக் கண்ணைத்தான் நான் கவனிக்கவில்லை.

என்ன செய்கிறது என்பதை எழுதினால் பாதிப் பெயர் கிடைத்துவிடும். உட்கார்ந்த இடத்தில் வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருந்தால் வாலாட்டி. ஓரிடத்தில் அந்தரத்தில் சிறகடித்து நின்று தண்ணீருக்குள் பொத்தென்று விழுந்தால் கறுப்பு வெள்ளை மீன்கொத்தி. மரத்தண்டில் செங்குத்தாக ஏறினால் மரங்கொத்தி. கம்பியிலிருந்து கிளம்பி, காற்றில் எதையோ பிடித்து, அதே கம்பிக்கே திரும்பினால் பஞ்சுருட்டான்.

பஞ்சுருட்டானைப் பார்க்க வாய்த்தால் அவசரமாகக் கடந்து போகாதீர்கள். ஒரு நாள் என் தலைக்கு நேர் மேலே இருந்த மின்கம்பியில் ஒன்று தேனீயோடு வந்து உட்கார்ந்தது. அலகின் நுனியில் தேனீ. தலையை இடது வலதாக வீசி அதைக் கம்பியில் அடித்தது, நாலைந்து முறை. பிறகு பிடியை மாற்றி, தேனீயின் பின்பகுதியைக் கம்பியில் வைத்து அழுத்தித் தேய்த்தது. கத்தியைச் சாணை பிடிப்பதுபோல அவ்வளவு நிதானம். கொடுக்கும் விஷமும் போன பிறகு மேலே தூக்கிப் போட்டு ஒரே விழுங்கல். பச்சை, மஞ்சள், கண்ணில் கறுப்புக் கோடு என்று புத்தகத்தில் ஒரு வரி இருக்கும். இந்தத் தேய்ப்பைப் பார்த்தவருக்கு அந்த வரி தேவைப்படாது.

பெயர் விஷயத்தில் கொஞ்சம் தாராளமாக இருங்கள். கரிச்சான், கரிக்குருவி, இரட்டைவால் குருவி, வலியன் எல்லாம் ஒரே பறவைதான். யார் எந்தப் பெயரில் சொன்னாலும் நோட்டில் ஒரு ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

காது

என் அனுபவத்தில் பாதிக்கு மேல் காதால்தான் பார்க்கிறோம். ஆனால் எல்லாக் குரலையும் ஒரே நேரத்தில் கற்க முயன்றால் ஒன்றும் தங்காது. மாதத்துக்கு இரண்டு குரல் போதும். குரல் வந்த திசைக்குப் போய்ப் பறவையைக் கண்ணால் பார்த்துவிட்டால் அது மறக்காது. கேட்டதை உங்கள் எழுத்திலேயே எழுதுங்கள். செம்போத்துக்கு நான் “ஊப் ஊப் ஊப், அடித்தொண்டை” என்று எழுதியிருக்கிறேன். குக்குறுவானுக்கு “டுக் டுக் டுக், செம்புப் பாத்திரம் தட்டுவது”. குக்குறுவான் கூவும்போது தலையை இப்படியும் அப்படியும் திருப்புவதால் சத்தம் ஒவ்வொரு முறையும் வேறு திசையிலிருந்து வருவதுபோல இருக்கும். ஏமாறாமல் மரத்தின் உச்சியில், இலை உதிர்ந்த கொம்பில் தேடுங்கள்.

குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் மெர்லின் செயலி நன்றாகவே வேலை செய்கிறது, நானும் வைத்திருக்கிறேன். அது சொல்வதைத் துப்பாக எடுத்துக்கொள்ளுங்கள், தீர்ப்பாக வேண்டாம். கரிச்சான் வல்லூறைப்போலக் குரல் மாற்றிக் கத்தும். மற்ற பறவைகளே ஏமாறும்போது செல்போன் என்ன செய்யும்?

இன்னொன்று, அபாயக் குரல். இதைக் கற்றுக்கொண்டால் பார்க்க முடியாததெல்லாம் கிடைக்கும். கரிச்சான், கொண்டைக்குருவி, தவிட்டுக்குருவி எல்லாம் ஒரே புதரை அல்லது பொந்தைச் சுற்றி நின்று திட்டினால் உள்ளே ஆந்தையோ பாம்போ இருக்கிறது. எட்ட நின்று பாருங்கள். எல்லாச் சத்தமும் ஒரே நொடியில் அறுந்துபோனால் அண்ணாந்து பாருங்கள், வல்லூறு போய்க்கொண்டிருக்கும்.

வருடம் சுற்றி வருவது

வெயில் காலம் பறவை பார்ப்பதற்கு ஆகாது என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது ஆகப் பிடித்த காலம். தண்ணீர் சுருங்கச் சுருங்க மீன் எல்லாம் ஒரு குட்டைக்குள் சேரும், பின்னாலேயே கொக்கு, நாரை, நீர்க்காகம் எல்லாம் வந்துவிடும். முன்பு முந்நூறு ஏக்கரில் தேட வேண்டியதை ஒரு மூலையில் பார்க்கலாம். பறவைகளின் உடையும் மாறும். உண்ணிக்கொக்கின் தலையும் கழுத்தும் ஆரஞ்சாகும். சேற்று நிறத்தில் யார் கண்ணிலும் படாமல் நிற்கும் குளக்கொக்கின் முதுகு கருஞ்சிவப்பாகும். குயில் விடியற்காலையிலிருந்து கூவும். அப்போது காக்கைக் கூட்டைக் கவனியுங்கள். ஆண் குயில் சத்தம் போட்டுக் காக்கைகளை இழுத்துக்கொண்டு ஓட, பெண் சத்தமில்லாமல் கூட்டுக்குள் போய் வருவதை நான் இதுவரை ஒரே முறைதான் பார்த்திருக்கிறேன்.

மழைக்கு முன்பு ஆப்பிரிக்காவிலிருந்து கடல் கடந்து வரும் சுடலைக்குயில்களும் உண்டு, இங்கேயே இருப்பவையும் உண்டு. கறுப்பு வெள்ளை, தலையில் கொண்டை. வந்தால் தவிட்டுக்குருவிகளைக் கண்காணியுங்கள். இது முட்டையிடுவது அவற்றின் கூட்டில்.

முதல் நல்ல மழை பெய்த மறுநாளோ அன்று மாலையோ, எந்த வேலை இருந்தாலும் விட்டுவிட்டு வெளியே போங்கள். ஈசல் கிளம்பும். ஒரு மாலை புளியமரத்துக்கு இருபது அடி தள்ளி, தரையில் விரல் நுழையும் அளவு ஒரு துளையிலிருந்து புகைபோல எழுந்தது. முதலில் வந்தவை மைனாக்கள், துளையின் வாயிலேயே நின்று பொறுக்கின. காக்கைகள் அவற்றைத் தள்ளிவிட்டு நின்றன. ஆள் உயரத்தில் கரிச்சான்கள் குறுக்கும் நெடுக்கும் வெட்டின. மர உயரத்தில் பஞ்சுருட்டான்கள். அதற்கு மேலே பருந்துகள், காலால் பிடித்துப் பறந்தபடியே குனிந்து அலகுக்குக் கொடுத்தன. இன்னும் மேலே, கண்ணுக்குப் புள்ளியாக, பனை உழவாரன்கள். ஒரே துளையிலிருந்து வானம்வரை மாடி மாடியாகப் பந்தி. இருட்டியதும் புள்ளி ஆந்தை வந்து மிச்சத்தை எடுத்துக்கொண்டது. அரை மணி நேரத்தில் ஈசல் இறகுகள் மட்டும் தரையில் கிடந்தன. எந்தப் பறவை எந்த உயரத்தில் வேட்டையாடும் என்பதை அன்று ஒரே மாலையில் கற்றேன்.

மழைக்குப் பிறகு புல் நீளமாக வளர்ந்ததும் தூக்கணாங்குருவிகள் தொடங்கும். தண்ணீரின் மேல் சாய்ந்த முள்மரமோ பனைமரமோ இருந்தால் அதன் முன் ஒரு மாதத்தை ஒதுக்கிவையுங்கள். பின்னுவது பெரும்பாலும் ஆண்தான், அந்த நாட்களில் அதன் தலை மஞ்சளாக இருக்கும். புல் இதழின் அடியில் அலகால் ஒரு வெட்டு. அந்த நுனியைக் கவ்விக்கொண்டு மேலே பறந்தால் நார் நீளமாகக் கிழிந்து வரும். ஒரு கூட்டுக்கு இப்படி ஐந்நூறு நடைவரை போய்வரும். கூடு பாதி முடிந்து, கவிழ்த்த தொப்பிபோல இருக்கும் நிலையில் நிறுத்திவிட்டு, இறகை அடித்துக்கொண்டு பெண்ணை அழைக்கும். பெண் வந்து உள்ளே ஏறி, நாரை இங்கே இழுத்து, அங்கே இழுத்துப் பார்க்கும். பிடித்தால் தங்கும், ஆண் மீதியை முடித்து நீளக் குழாயும் வைத்துக் கொடுக்கும். பிடிக்காவிட்டால் அந்தத் தொப்பி அப்படியே தொங்கும். மரத்தில் அரைகுறையாகத் தொங்கும் கூடுகளை நான் பல காலம் ‘பழைய கூடு’ என்றே நினைத்திருந்தேன். தேறாத கூடுகள் அவை.

ஒரு கூடு முடிந்ததும் அதே ஆண் அடுத்ததைத் தொடங்கி அடுத்த பெண்ணை அழைக்கும். இதை உலகுக்கு விளக்கமாகச் சொன்னவர்களில் முக்கியமானவர் சாலிம் அலி (1896–1987). 1930 வாக்கில் கையில் வேலை இல்லாமல், மும்பைக்கு அருகே கிஹிம் என்ற கடற்கரைக் கிராமத்தில் தங்கியிருந்தபோது, பக்கத்தில் இருந்த தூக்கணாங்குருவிக் கூடுகளை மாதக்கணக்கில் கவனித்தார். அவர் பெயரைப் பரவலாக்கிய ஆய்வு அது. ஊர் ஊராக அலைந்து செய்ததல்ல என்பதை என் கட்சிக்கு ஆதரவாகக் குறித்துக்கொள்கிறேன்.

செப்டம்பர் முதல் வலசை, அதாவது வெளியிடத்துப் பறவைகள் இங்கே வந்து சேரும் பயணம். இந்த மாதங்களில் தினமும் போக முடிந்தால் போங்கள். சின்னப் பறவைகள் பெரும்பாலும் இரவில் பயணம் செய்யும். நேற்று இல்லாத ஒன்று இன்று காலை வேலியில் உட்கார்ந்திருக்கும், களைத்துப்போய், உங்களைக் கண்டு ஓடக்கூடத் தோன்றாமல். கம்பியில் தகைவிலான்கள் வரிசை கட்டும். சேற்று ஓரத்தில் உள்ளான்கள் வந்திறங்கும். உள்ளான்கள் புதியவரை அழவைக்கும், எல்லாம் ஒரே பழுப்பு. முதல் வருடம் அவற்றைப் பெயரிட முயலாதீர்கள். அலகு தலையைவிட நீளமா குட்டையா, எவ்வளவு ஆழத் தண்ணீரில் நிற்கிறது என்று மட்டும் எழுதுங்கள். குட்டை அலகு ஈரமணலில், நீண்ட அலகு முழங்கால் தண்ணீரில் என்று அவை தமக்குள் கரையைப் பாகம் பிரித்துக்கொண்டிருப்பது தெரியும். விடியலிலும் அந்தியிலும் ஆறு மணிவாக்கில் புதருக்குள்ளிருந்து இரட்டைச் சீட்டி கேட்டால் அது ஆறுமணிக்குருவி. பெயரே கடிகாரம் பார்த்து வைத்தது.

அக்டோபரில் வரும் வாத்துகளைக் கண்டு ஏமாறாதீர்கள். ஆண் வாத்துகள் அப்போது தங்கள் பளபளப்பை உதிர்த்துவிட்டுப் பெண்ணைப்போலப் பழுப்பாக இருக்கும். ஜனவரியில் பாருங்கள். ஊசிவால் வாத்தின் கழுத்தில் வெள்ளைக் கோடு ஏறியிருக்கும், தட்டைவாயனின் தலை பச்சையாக மின்னும். பனிக்காலக் காலைகளில் அவை ஏரி நடுவே தூங்கும், நீங்களும் நிதானமாகப் பார்க்கலாம். தட்டைவாயன்கள் கூட்டமாக வட்டமடித்து நீந்தி, கலங்கிய நீரை அலகால் சலிக்கும். ஊசிவால் தலைகீழாகக் கவிழ்ந்து வாலை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். எல்லாம் ஒரேயடியாக எழுந்து பறந்தால் சேற்றுப் பூனைப்பருந்து தாழப் பறந்து வருகிறது என்று பொருள்.

எண்ணுவதற்கு ஒரு வழி: முதலில் பத்துப் பறவையை ஒவ்வொன்றாக எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் பதியவையுங்கள். பிறகு அந்த அளவைக் கூட்டத்தின் மேல் எத்தனை முறை வைக்கலாம் என்று பாருங்கள். சங்கிலி போட்டு அளப்பதுதான், கொஞ்சம் தோராயமாக.

ஒரே ஒரு பனிக்காலத்தில் எங்கள் ஏரிக்குப் பட்டைத்தலை வாத்துகள் வந்தன, பதினொன்று. தலையின் பின்னால் இரண்டு கறுப்புக் கோடு. இமயமலையைத் தாண்டி வரும் பறவை அது. கருவி பொருத்தி அனுப்பிப் பார்த்ததில் 7,000 மீட்டருக்கு மேலும் பறந்திருக்கிறது. அவ்வளவு தூரம் வந்தது கரையில் மாட்டுக்குப் பக்கத்தில் சாதாரணமாகப் புல் மேய்ந்துகொண்டிருந்தது. அன்று நான் எதையும் எண்ணவில்லை, எழுதவும் இல்லை.

மார்ச் முடிவில் போகிறவற்றைக் கவனியுங்கள். மஞ்சள் வாலாட்டியின் மஞ்சள் அடர்ந்திருக்கும், கருவால் மூக்கனின் கழுத்து செம்பு நிறமாகும். கிளம்பும் காட்சியைப் பெரும்பாலும் பார்க்க முடியாது. ஒரு காலை இருக்காது, அவ்வளவுதான்.

கூட்டின் பக்கம்

கூடு கண்ணில் பட்டால் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். நீங்கள் குனிந்து பார்க்கும் இடத்தைக் காக்கை பார்த்துக்கொண்டிருக்கும். இலையை விலக்கிப் படம் எடுத்தால், விலக்கிய வழியில் வெயிலும் வரும், பாம்பும் வரும். நான் ஒரு முறை தையல்சிட்டின் கூட்டை, இரண்டு இலையைச் சேர்த்துத் தைத்திருந்த அழகில் மயங்கி, மூன்று நாள் தொடர்ந்து போய்ப் பார்த்தேன். நான்காம் நாள் கூடு காலி. என்னால்தானா என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனாலும் அதற்குப் பிறகு போவதில்லை.

இரை பொறுக்குவதை நிறுத்திவிட்டுக் கழுத்தை நீட்டி உங்களைப் பார்த்தால், நீங்கள் ஏற்கெனவே அதிகம் நெருங்கிவிட்டீர்கள். இரண்டு அடி பின்னால் வையுங்கள். செல்போனில் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதும் வேண்டாம். குஞ்சுக்கு இரை கொடுக்க வேண்டிய நேரத்தில் இல்லாத எதிரியைத் தேடி அலையும்.

நோட்டு

கோடு போட்ட சாதாரண நோட்டு, பென்சில். மழையில் பேனா மை கரையும். தேதி, நேரம், மேகம், காற்று, தண்ணீர் எதுவரை இருக்கிறது, பிறகு பறவைகள். ஒன்றும் வராத நாளில் “ஒன்றும் இல்லை” என்று எழுத வேண்டும், அதுவும் கணக்கு. கார்னெல் பல்கலைக்கழகத்தின் பறவையியல் ஆய்வகம் 2002 முதல் நடத்தும் இபேர்ட் தளத்தில் அந்தப் பட்டியலை ஏற்றிவிட்டால், வலசை எப்போது வருகிறது, எது குறைகிறது என்று ஆராய்பவர்களுக்கு உதவும். ஒவ்வொரு பிப்ரவரியிலும் நான்கு நாள் உலகெங்கும் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். 1998இல் வட அமெரிக்காவில் தொடங்கிப் பிறகு உலகெங்கும் பரவியது, பதினைந்து நிமிடம் உட்கார்ந்து எண்ணினால் நீங்களும் சேர்த்தி.

என் நோட்டில் எனக்குப் பிடித்த பக்கத்தில் ஒரே ஒரு பறவைதான் இருக்கிறது. சாம்பல் வாலாட்டி. மதகிலிருந்து தண்ணீர் கசியும் இடத்தில், அன்று நான் ஸ்டாண்டை ஊன்றப்போன அதே எல்லைக்கல்லின் மேல் வந்து உட்காரும், வாலை ஆட்டிக்கொண்டு. ஒவ்வொரு வருடமும் முதலில் பார்த்த தேதியைக் குறித்துவைக்கிறேன்: செப்டம்பர் 19, 22, 17, 24, 20. ஒரு வருடம் 30, அந்த வாரம் முழுக்கக் காய்ச்சலில் படுத்திருந்தேன், அது முன்பே வந்திருக்கும். ஆறு தேதிகள்தான், முதல் ஐந்து வருடம் இப்படித் தேதி குறிக்கும் பழக்கம் இல்லை.

இன்று செப்டம்பர் 18. கல் காலியாகத்தான் இருந்தது. பென்சிலைச் சீவி வைத்திருக்கிறேன், நாளை ஐந்தே முக்காலுக்குக் கிளம்ப வேண்டும்.